மேடை ஏறும் பாட்டுக்கு யாரிடம் கடிதம் வாங்குவது?

பரிசளிப்பு விழாவோ இல்ல விளையாட்டுப் போட்டியோ நடக்கவிருக்கும் ஒரு பாடசாலையின் கோப்பைத் திறந்தால், பொலிஸ் நிலையத்தில் பெற்ற ஒலிபெருக்கி அனுமதி இருக்கும். வலயக் கல்விப் பணிமனைக்கு எழுதிய கடிதத்தின் பிரதி இருக்கும். பந்தல்காரரின் பற்றுச்சீட்டும் இருக்கும். அன்று மேடையில் ஒலிக்கப்போகும் பத்துப் பன்னிரண்டு பாடல்களில் ஒன்றுக்காவது, அதை ஆக்கியவரிடம் கேட்டு வாங்கிய கடிதம் இருப்பதை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். ஒலிபெருக்கி அனுமதி சத்தத்துக்கானது, பாட்டுக்கானதன்று. மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் சங்கீதம் கற்பித்த ஆண்டுகளில் இந்த வேறுபாட்டை நானும் காலம் தாழ்த்தியே விளங்கிக்கொண்டேன். விழாவுக்கு மூன்று நான்கு வாரங்களுக்கு முன்னர் தொடங்கினால் அனுமதி கேட்பது பெரிய வேலையன்று என்பதால், அந்த வேலையை எவ்வாறு செய்வது என்பதை இங்கே எழுதுகிறேன்.

இலங்கையில் இதற்கு அடிப்படை 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமாகும். பதிப்புரிமையைப் பெறுவதற்கு எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை. பாட்டு ஆக்கப்பட்டவுடனேயே உரிமை பிறந்துவிடுகிறது. ஆகவே, “அந்தப் பாட்டில் உரிமை பற்றி ஒன்றும் எழுதியிருக்கவில்லையே” என்பது விடையாகாது.

முதலில் பாட்டைப் பிரித்துப் பாருங்கள்

ஒரு கொப்பித் தாளை எடுத்து நான்கு நிரல்கள் கீறுங்கள். வரிகள், மெட்டு, ஒலிப்பதிவு, பாடியவரும் வாசித்தவரும் என்று அவற்றுக்குத் தலைப்பிடுங்கள். நாம் ‘ஒரு பாட்டு’ என்று சொல்வது இந்த நான்கு பேரின் கைப்பட்ட பொருள். நான்கு பேரும் ஒருவராகவே இருப்பது அபூர்வம். நிகழ்ச்சி நிரலிலுள்ள ஒவ்வொரு பாட்டையும் இந்தத் தாளில் எழுதி, நீங்கள் உண்மையில் எதனைப் பயன்படுத்துகிறீர்கள் என்பதற்குப் புள்ளடி இடுங்கள்.

தரம் 8 மாணவியர் பென் டிரைவிலிருந்து ஒரு திரைப்பாடலை ஒலிக்கவிட்டு ஆடுகிறார்கள் என்றால், நான்கு நிரல்களிலும் புள்ளடி விழும். அதே பாட்டை ஆர்மோனியமும் மிருதங்கமும் வைத்து மாணவரே பாடினால் வரிகளும் மெட்டும் மட்டுமே மிஞ்சும். ஒலிப்பதிவுக்காரரை நீங்கள் தொடவில்லை. கரோக்கி இசையைப் போட்டுப் பாடினால், மூலப் பாடலின் ஒலிப்பதிவு விலகிவிட்டாலும், அந்தக் கரோக்கியைச் செய்தவரின் ஒலிப்பதிவு உள்ளே வந்துவிடுகிறது. இணையத்திலிருந்து பென் டிரைவுக்கு இறக்குவது பிரதி எடுத்தல். அதனை மேடையில் ஒலிக்கவிடுவது பொது நிகழ்த்துகை. இரண்டும் தனித்தனிச் செயல்கள். வணிக நோக்கில் வெளியான ஒலிப்பதிவைப் பொதுவில் ஒலிக்கவிட்டால், பாடியவருக்கும் தயாரிப்பாளருக்கும் நியாயமான ஊதியம் சேரவேண்டும் என்றும் சட்டம் கூறுகிறது.

நம்மிடையே மிகவும் பழகிப்போன ஒரு வழக்கத்தை இங்கே குறிப்பிட்டாக வேண்டும். புகழ்பெற்ற திரைப்பாடல் ஒன்றின் மெட்டை எடுத்து, அதற்குள் ‘வள்ளுவர் இல்லம்’, ‘பாரதி இல்லம்’ என்று சொற்களை நிரப்பி இல்லப் பாடலாக்குவதைப் பலரும் வெறும் விளையாட்டாக நினைக்கிறார்கள். சட்டத்தின் பார்வையில் அது தழுவல்; தழுவலுக்கும் உரிமையாளரின் அனுமதி வேண்டும். அனுமதி கிடைப்பதும் கடினம். இல்லப் பாடலுக்கு மெட்டமைக்கக்கூடிய ஒரு சங்கீத ஆசிரியரோ உயர்தர மாணவரோ இல்லாத பாடசாலையை நான் இந்தப் பக்கத்தில் கண்டதில்லை. அவர்களிடம் கேளுங்கள்.

காலக் கணக்கு

இலங்கையில் வரிகளுக்கும் மெட்டுக்குமான பொருளாதார உரிமை, அதாவது அவற்றைப் பிரதி எடுக்கவும் நிகழ்த்தவும் தழுவவும் அனுமதிக்கும் உரிமை, ஆக்கியவரின் வாழ்நாளிலும் அவர் மறைந்து 70 ஆண்டுகள் வரையிலும் நிலைக்கும். கணக்கு அந்த ஆண்டின் டிசம்பர் 31இல் முடியும். பாடியவர்களின் உரிமையும் ஒலிப்பதிவுத் தயாரிப்பாளரின் உரிமையும் 50 ஆண்டுகள்.

காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1947 ஜூலையில் மறைந்தார். அவருடைய பாடல் வரிகளுக்கான உரிமைக்காலம் 2017 இறுதியில் முடிந்துவிட்டது. 2018 ஜனவரி முதல் எந்தப் பாடசாலையும் அவற்றைப் பாடலாம், மெட்டமைக்கலாம், பதிவு செய்யலாம். ஆனால் அந்த வரிகளுக்கு அண்மையில் ஒருவர் அமைத்த மெட்டு அவருக்கே உரியது. அதன் ஒலிப்பதிவு இன்னொருவருக்கு உரியதாக இருக்கலாம். பாரதியார் பாடல்களுக்கும் இதுவே விதி. வரி பொதுச்சொத்து என்பதற்காகத் திரைப்படத்தில் வந்த அதன் மெட்டும் பொதுச்சொத்தாகிவிடாது. மண்டூர் தந்த புலவர்மணி பெரியதம்பிப்பிள்ளை 1978இல் மறைந்தவர். அவருடைய கவிதைகளை 2048 இறுதிவரை அனுமதியின்றி மெட்டமைத்து வெளியிட இயலாது. நம் ஊர்க் கவிஞர் என்ற உரிமையில் நாம் அடிக்கடி தவறுவது இங்கேதான்.

கர்நாடக சங்கீதத்தில் பெரும்பாலும் சிக்கலில்லை. தியாகராஜர் 1847இலும் முத்துசுவாமி தீட்சிதர் 1835இலும் மறைந்தவர்கள். தேவாரத்துக்கும் திருப்புகழுக்கும் கேள்வியே இல்லை. ஆனால் ‘கீர்த்தனை என்றாலே பழையது’ என்று எண்ணிவிடக் கூடாது. பாபநாசம் சிவன் மறைந்தது 1973இல். இந்தியச் சட்டத்தின் 60 ஆண்டுக் கணக்கிலும் நமது 70 ஆண்டுக் கணக்கிலும் அவருடைய ஆக்கங்களின் உரிமைக்காலம் இன்னும் முடியவில்லை. இந்தியாவும் இலங்கையும் பேர்ண் உடன்படிக்கையில் இருப்பதால், அங்கே ஆக்கப்பட்ட பாட்டுக்கு இங்கேயும் காப்பு உண்டு.

வகுப்பறையில் விரிவு, மேடையில் சுருக்கம்

ஆசிரியருக்குச் சட்டம் கணிசமான இடம் தந்திருக்கிறது. 11ஆம் பிரிவு கற்பித்தலையும், வகுப்பறைக்காகப் பல பிரதிகள் எடுப்பதையும் நியாயமான பயன்பாட்டின் நோக்கங்களில் ஒன்றாகக் கூறுகிறது. எனினும் நோக்கம் மட்டும் போதாது. பயன்பாடு வணிகம் சார்ந்ததா, எத்தகைய ஆக்கம், எவ்வளவு எடுக்கப்பட்டது, அதனால் அந்த ஆக்கத்தின் விற்பனைக்குப் பாதிப்பு உண்டா என்ற நான்கையும் சேர்த்தே எடைபோட வேண்டும். ராகமொன்றை விளக்குவதற்காகத் திரைப்பாடலின் பல்லவியை வகுப்பில் ஒலிக்கவிடுவதும், ஒரு கீர்த்தனையின் சுரக்குறிப்பை அந்த வகுப்புக்கென்று பிரதி எடுப்பதும் இந்த எடையில் எளிதாகத் தேறும். எடுத்த இடத்தையும் ஆக்கியவர் பெயரையும் பிரதியில் எழுதிவிட வேண்டும். விற்பனையிலுள்ள சங்கீதப் பயிற்சிநூல் ஒன்றை முழுவதுமாகப் போட்டோப் பிரதி எடுத்து முப்பது மாணவருக்குக் கொடுத்தால் நான்காவது கேள்வியில் தோற்றுவிடுவோம். கட்டணம் வாங்கும் ரியூட்டரிகள் இச்சலுகையைத் தமக்கும் உரியதென்று எடுத்துக்கொள்ளக் கூடாது; பிரதி எடுப்பதற்கான கல்விச் சலுகை, நேரடியாகவோ மறைமுகமாகவோ வணிக இலாபம் நோக்காத நிறுவனங்களின் நேர்முகக் கற்பித்தலுக்கே தரப்பட்டது.

மேடைக்கு வந்தவுடன் நிலைமை மாறுகிறது. குடும்பத்தினரும் அவர்களுக்கு மிக நெருங்கியவர்களும் அல்லாதவர்கள் இருக்கக்கூடிய இடத்தில் பாடுவதும் ஒலிக்கவிடுவதும் ‘பொது நிகழ்த்துகை’ ஆகும். பெற்றோரும் பழைய மாணவரும் ஊர்ப் பெரியவர்களும் கூடும் பாடசாலை மண்டபம் அந்த வரைவிலக்கணத்துக்குள் வருகிறது. மாணவரும் ஆசிரியரும் பெற்றோர் முன்னிலையில் நிகழ்த்துவதற்கு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தனியே ஒரு விலக்குத் தருகிறது. அதனை இணையத்தில் வாசித்துவிட்டு “பாடசாலைக்கு விலக்கு இருக்கிறதே” என்று வாதாடும் ஆசிரியர்களைச் சந்தித்திருக்கிறேன். அது அவர்களுடைய சட்டம். நம்முடைய மேடையை நம்முடைய சட்டத்தின் நான்கு கேள்விகளைக் கொண்டுதான் அளக்க வேண்டும். கட்டணமின்றி, பாடசாலைக்குள், பாடத்தோடு தொடர்புபட்டு நடப்பது ஒரு பக்கம். பழைய மாணவர் சங்கம் கட்டட நிதிக்காக ரிக்கெற் விற்று நடத்தும் இசை இரவு மறுபக்கம். பின்னதற்குக் கட்டாயம் அனுமதி பெறுங்கள். நல்ல காரியத்துக்குப் பணம் சேர்க்கிறோம் என்பது, பாட்டெழுதியவரின் சம்மதத்துக்கு ஈடாகாது.

யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது

திரைப்பாடல் என்றால் தேடலை யூடியூபிலிருந்து தொடங்கலாம். அதிகாரபூர்வமாக வெளியிடப்பட்ட பாடலின் விவரப்பகுதியில் இசை நிறுவனத்தின் பெயரும், யார் உரிமம் வழங்கினார் என்பதும் பெரும்பாலும் இருக்கும். பழைய இசைத்தட்டு, கசற் உறைகளில் வட்டத்துக்குள் ‘பி’ என்ற ஆங்கில எழுத்துக்கு அருகிலிருப்பது ஒலிப்பதிவுக்கு உரியவர் பெயர். ‘சி’ எழுத்துக்கு அருகிலிருப்பது பதிப்புரிமைக்கு உரியவர் பெயர். இந்தியாவில் பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்கள் சார்பில் ஐபிஆர்எஸ் என்ற அமைப்பும், ஒலிப்பதிவு நிறுவனங்கள் சார்பில் பிபிஎல் என்ற அமைப்பும் இயங்குகின்றன. இலங்கையில் இத்தகைய அமைப்புகள் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தின் பணிப்பாளர் நாயகத்திடம் பதிவு செய்திருக்க வேண்டும். எனவே யாராவது ‘பாடல் உரிமக் கட்டணம்’ என்று கேட்டு வந்தால், பணம் கொடுக்கும் முன் அந்தப் பதிவைக் காட்டும்படி கேளுங்கள். எந்தப் பாடல்களுக்குத் தாங்கள் பொறுப்பு என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். ஈழத்து மெல்லிசைப் பாடல் என்றால் கவிஞர் ஒருவர், இசையமைத்தவர் ஒருவர், ஒலிப்பதிவு இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்துடையது என்று மூன்று கதவுகள் இருக்கலாம். மாணவரே பாடுவதாயின் மூன்றாவது கதவைத் தட்டவேண்டியதில்லை.

உள்ளூர்க் கவிஞரிடமும் இசையமைப்பாளரிடமும் கேட்பது மிக எளிது; அதையே நாம் மிகக் குறைவாகச் செய்கிறோம். தொலைபேசியில் “போடுங்க சேர், அதுக்கென்ன” என்று அவர் சொன்னாலும் கடிதம் எழுத வேண்டும். உரிமத்தை இரு தரப்பும் ஒப்பமிட்ட எழுத்தில் சட்டம் எதிர்பார்க்கிறது. நான் பயன்படுத்தும் கடிதம் இவ்வளவுதான்:

“மதிப்புக்குரிய ஐயா, எமது பாடசாலையின் கலைவிழா எதிர்வரும் … ஆம் திகதி பாடசாலை மண்டபத்தில் நடைபெறவுள்ளது. நுழைவுக் கட்டணம் இல்லை. ஏறத்தாழ … பேர் கலந்துகொள்வர். தாங்கள் இயற்றி மெட்டமைத்த ‘…’ என்ற பாடலை எமது தரம் 10 மாணவர் வாத்தியங்களுடன் பாடுவதற்கும், அந்நிகழ்வை ஒளிப்பதிவு செய்து பாடசாலையின் முகநூல் பக்கத்திலும் யூடியூப் பக்கத்திலும் ஓராண்டு வைத்திருப்பதற்கும் தங்கள் அனுமதியை வேண்டுகிறோம். வரிகளில் மாற்றம் செய்யமாட்டோம். நிகழ்ச்சி நிரலிலும் காணொளியிலும் தங்கள் பெயர் ‘…’ என்றவாறு இடம்பெறும். இணக்கமாயின் இதன் கீழே ஒப்பமிட்டு ஒரு பிரதியை அனுப்பியுதவுக.”

இதில் மூன்று இடங்களைக் கவனியுங்கள். மேடைக்கும் இணையத்துக்கும் அனுமதி தனித்தனியாகக் கேட்கப்படுகிறது. காலம் சொல்லப்படுகிறது. பெயர் எவ்வாறு அச்சாக வேண்டும் என்பது அவரிடமே விடப்படுகிறது. புனைபெயரில் அறியப்பட விரும்பினால் அதுவும் அவருடைய உரிமை. அதிபரின் ஒப்பமும் பாடசாலை முத்திரையும் இருக்கட்டும், ஏனெனில் ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போய்விடுவார், கோப்பு பாடசாலையில் இருக்கும். விடை வராவிட்டால் அதனைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாமல், மாற்றுப் பாட்டொன்றைத் தயாராக வைத்திருங்கள்.

நேரலை என்னும் பொறி

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விழாவை முகநூலில் நேரலையாகக் காட்டினோம். கட்டாரிலும் சுவிஸிலும் இருந்த தகப்பன்மாருக்காகவே அந்த ஏற்பாடு. மூன்றாவது நடனத்தோடு ஒலி நின்றுவிட்டது. பிள்ளைகள் ஆடுகிறார்கள், சலங்கைக் கால்கள் அசைகின்றன, எதுவும் கேட்கவில்லை. வயர் கழன்றுவிட்டதென்று நினைத்து ஒலிபெருக்கிக்காரத் தம்பி மேடைக்கும் கலவைப் பெட்டிக்கும் இடையில் ஓடித்திரிந்தார். கழன்றது வயர் அன்று. திரைப்பாடலின் ஒலிப்பதிவை முகநூலின் கணினி இனங்கண்டு ஒலியை அடைத்திருந்தது. பிழை எங்களுடையது, மேடைக்குக்கூடக் கேட்காத அனுமதியை இணையத்துக்கு மட்டும் எங்கிருந்து எடுப்பது?

யூடியூப் இதற்கு, ஏற்றப்படும் காணொளிகளில் பிறர் உரிமையுள்ள ஒலியைத் தானாக இனங்காணும் ‘கன்டென்ட் ஐடி’ என்ற முறையை வைத்திருக்கிறது. அதில் வரும் உரிமைகோரலால் காணொளி முடக்கப்படலாம், அல்லது விளம்பர வருமானம் உரிமையாளருக்குப் போகலாம். உரிமையாளர் முறைப்படி நீக்கக் கோரினால் வருவது எச்சரிக்கைப் புள்ளி. 90 நாட்களுக்குள் மூன்று சேர்ந்தால் பாடசாலையின் பக்கமே மூடப்படலாம், அதிலுள்ள பத்தாண்டுக் காணொளிகளும் அதனோடு போகலாம். ‘உரிமை எங்களுடையதன்று’ என்று விவரப்பகுதியில் எழுதிவைப்பதால் எந்தப் பயனும் இல்லை. அது குற்றத்தை ஒப்புக்கொள்வதற்குச் சமம். ஸ்பொட்டிஃபைக்கு மாதக் கட்டணம் செலுத்துகிறோம் என்பதும் உதவாது. அந்தச் சந்தா தனிப்பட்ட கேட்புக்கு மட்டுமே.

நேரலை வேண்டுமானால், இணையத்துக்கும் அனுமதி பெற்ற பாட்டுகளில் மாணவர் தாமே பாடி வாசிப்பவற்றை நேரலையில் விடுங்கள்; ஒலிப்பதிவோடு ஆடும் நடனங்களின்போது நேரலையை நிறுத்திவிடுங்கள். பின்னணிக்கு இசை தேவைப்பட்டால் யூடியூபின் ஒலி நூலகத்திலும், ஆக்கியவரே சில நிபந்தனைகளோடு பிறர் பயன்படுத்த விட்டுத்தரும் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் வெளியான இசையிலும் தேடலாம். ஆனால் அந்த உரிமங்களின் உள்ளே போய்ப் பாருங்கள்: சிலவற்றில் பெயர் குறிப்பிட்டால் போதும், சில வணிகப் பயன்பாட்டை மறுப்பவை, சில மாற்றத்தை மறுப்பவை, இந்தக் கடைசி வகை இசையைக் காணொளியோடு இணைப்பதே தழுவலாகக் கொள்ளப்படும்.

கூத்தும் நாட்டார் பாட்டும்

“நாட்டார் பாட்டுக்கு உரிமையாளர் இல்லைத்தானே” என்ற பேச்சு நம் பகுதியில் அதிகம். வடமோடி, தென்மோடிக் கூத்துகளும் வசந்தன் ஆட்டமும் குரவையும், சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கத்துக் கவிகளும், மட்டக்களப்புப் பறங்கியரின் கப்ரிஞ்ஞா ஆட்டமும் ஆளில்லா வளவு அல்ல. சட்டத்தின் 24ஆம் பிரிவு நாட்டார் வழக்காற்று வெளிப்பாடுகளைத் தனியே காக்கிறது. வணிக நோக்கிலோ, மரபான சூழலுக்கு வெளியிலோ அவற்றைப் பிரதி செய்வதற்கும், நிகழ்த்துகையாலோ ஒலிபரப்பாலோ பொதுவில் பரப்புவதற்கும், தழுவுவதற்கும், அமைச்சர் தீர்மானிக்கும் அதிகாரியின் அனுமதி வேண்டும். பெறப்படும் கட்டணம் பண்பாட்டு வளர்ச்சிக்குரியது. நேர்முகக் கற்பித்தலுக்கும் ஆய்வுக்கும் விலக்கு உண்டு. பொதுவில் தரும் வெளியீட்டில், அது எந்தச் சமூகத்திடமிருந்து அல்லது எந்த இடத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பதைச் சொல்ல வேண்டும். ஆகவே நிகழ்ச்சி நிரலில் ‘கிராமிய நடனம்’ என்று மட்டும் அச்சிடாமல், ஊர்ப் பெயரையும் பழக்கியவர் பெயரையும் எழுதுங்கள்.

இன்னொரு நுட்பம், சட்டம் தெரிந்தவர்களும் தவறவிடுவது. எல்லாக் கூத்தும் நாட்டார் சொத்து அன்று. கூத்துப் பழக்கும் ஓர் அண்ணாவியாரோ புலவரோ தானே எழுதிய கூத்துக் கொப்பி, அவர் மறைந்து 70 ஆண்டுகள் செல்லும்வரை சாதாரணப் பதிப்புரிமைக்கு உட்பட்டது. கொப்பியின் முதற்பக்கத்தைப் பாருங்கள். பெயரும் ஆண்டும் பெரும்பாலும் அங்கே இருக்கும். இல்லாவிட்டால் ஊரில் மூத்தவரிடம் கேளுங்கள். இங்கே ஐந்து நிமிட விசாரணையில் தெரியவேண்டியது தெரிந்துவிடும்.

கல்லடியிலுள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும், வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் உள்ள பல்கலைக்கழகங்களிலும் படிக்கும் மாணவர்கள் களப்பணிக்குப் போகும்போது இது இன்னும் கூர்மையாகிறது. ஆய்வுக்கெனப் பதிவு செய்த பாடலை ஆய்வேட்டோடு ஒப்படைப்பது ஒன்று. ஆறு மாதங்கள் கழித்து அதையே இணையத்தில் ஏற்றுவது வேறொன்று. ஒருமுறை வயதான அண்ணாவியார் ஒருவர் தன் பேரனின் கைப்பேசியை என்னிடம் நீட்டி, தான் பாடிய தரு என்னும் கூத்துப் பாட்டைக் காட்டினார். பின்னணியில் அவருடைய வேப்பமரமும் சாய்மனைக் கதிரையும் தெரிந்தன. மாணவர் பெயர், துறைப் பெயர், வழிகாட்டியின் பெயர் எல்லாம் ஓடி முடிந்தன. “என்ர பேர் எங்க தம்பி?” என்று கேட்டார். பணத்தைப் பற்றி அவர் ஒரு சொல்லும் பேசவில்லை.

நிகழ்த்துபவருக்கும் தன் நிகழ்த்துகையைப் பதிவு செய்ய அனுமதிக்கும் உரிமை 50 ஆண்டுகளுக்கு உண்டு. எனவே ஒலிப்பதிவுக் கருவியை இயக்கும் முன், எதற்காகப் பதிவு செய்கிறோம், எங்கே வைக்கப்படும், இணையத்தில் ஏற்றலாமா என்பதைச் சொல்லிச் சம்மதம் பெறுங்கள். வாசிக்க இயலாதவர் என்றால், நீங்கள் வாசித்துக் காட்டுவதையும் அவருடைய சம்மதத்தையும் அதே பதிவின் தொடக்கத்தில் ஏற்றிக்கொண்டு, தாளில் அவருடைய கையடையாளத்தையும் சாட்சி ஒருவரின் ஒப்பத்தையும் வாங்குங்கள். கண்ணகை அம்மன் சடங்கிலே பாடப்படும் குளுத்திப் பாடல் போன்றவற்றுக்குச் சட்டத்தைப் பார்க்கும் முன் பூசை செய்யும் கப்புகனாரையும் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கரையும் கேட்க வேண்டும். வைகாசியில் மட்டும் பாடப்படுவதை நவம்பரில் மேடையேற்றுவது அவர்களுக்கு உவப்பாக இராது.

பாடசாலை தானே ஆக்கும் பாட்டு

பாடசாலைக் கீதம் யாருடையது என்ற கேள்வி பொன்விழா மலர் அச்சிடும்போதுதான் எழும். பணியின் கடமையாக ஊழியர் ஆக்கியதன் பொருளாதார உரிமை, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், தொழில் வழங்குநருக்குரியது. ஓய்வுபெற்ற ஆசிரியரோ ஊர்க் கவிஞரோ அன்பளிப்பாக எழுதித் தந்திருந்தால் உரிமை அவரிடமே இருக்கிறது. பாடசாலைக்கு மாற்றித் தருவதாயின் அதற்கும் ஒப்பமிட்ட எழுத்து வேண்டும். மாணவர் மெட்டமைத்தது மாணவருடையது. அதைப் பாடசாலை வெளியிட விரும்பினால் பெற்றோரின் ஒப்பத்தோடு அனுமதி பெற வேண்டும். உரிமை எவரிடம் இருந்தாலும், ஆக்கியவர் பெயரைச் சொல்லும் கடமை நீங்காது.

மனமறிந்து பதிப்புரிமையை மீறினால் 5 இலட்சம் ரூபாய் வரை தண்டமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது.

பாடல் தாளும் கடிதங்களும் ஒரே கோப்பில் ஆண்டுவாரியாக இருக்கட்டும். ஒவ்வொரு பாட்டுக்கும் எதிரே மேடை, நேரலை, இணையப் பதிவு என்று மூன்று சிறு கட்டங்கள் கீறி, எதற்கு அனுமதி உண்டோ அதில் மட்டும் புள்ளடி இடுங்கள். விழா முடிந்த இரவு காணொளியை ஏற்றப்போகும் உயர்தர மாணவரிடம் கைப்பேசியைக் கொடுக்கும் முன் இந்தத் தாளைக் கொடுங்கள். மூன்றாவது கட்டத்தில் புள்ளடி இல்லாத பாட்டை அவர் வெட்டிவிட்டு மற்றவற்றை ஏற்றட்டும்.